கேட்பதற்கு உரிமம்: உளவியல் பட்டதாரியும் தேர்வும்

உளவியல் படித்தவர்கள் தேர்வில் தேறுவதற்கு எது உதவும் என்ற கேள்விக்கு விடை உளவியலிலேயே இருக்கிறது. வேறு படிப்புகளுக்கு இந்த விசித்திரம் கிடையாது. பொறியியல் படிப்பவன் தேர்வு எழுதும் தன் மூளையைப் பாடமாகப் படிப்பதில்லை. உளவியல் மாணவிக்கோ நினைவு, மறதி, கவனம், பதற்றம் எல்லாமே பாடம். அதிலேயே தேர்வும் எழுதுகிறாள். 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து எழுதினார். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படித்தால் நிலைக்கும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு சின்ன உரைநடைப் பகுதி ஒன்றை நான்கு அமர்வுகளிலும் படித்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் தாளை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களிடம் மிஞ்சியது 40 சதம். மூடி எழுதியவர்களிடம் 61 சதம்.

இவ்வளவையும் பாடமாகப் படித்துவிட்டு அந்த மாணவி என்ன செய்கிறாள்? சீனியர் அக்காவின் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, திரும்பத் திரும்பப் படிக்கிறாள். இதை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. திரும்பப் படிக்கும்போது பக்கம் பழகிப்போகிறது. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. புத்தகத்தை மூடினால் தெரியாதது தெரிந்துவிடும், அது பயமாக இருக்கிறது. நம்முடைய பள்ளிக்கூடம் தெரியாததை வெளிக்காட்டுவதற்கு என்ன கொடுத்தது? பிரம்படி. ஆக, மூடி வைத்து ஒப்பித்துப் பார்ப்பது, நாள் விட்டுப் படிப்பது, கலந்து படிப்பது இதெல்லாம் உதவும். உறுதியாக உதவும். இதைச் சொல்லிவிட்டு இந்தக் கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் 'தேர்வு' என்று நாம் எதைச் சொல்கிறோம், அது பாதையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் படிக்கும் முறையைப் பற்றி மட்டும் பேசினால் குற்றம் மாணவியின் தலையில் வந்து விழும். பயிற்சி மையங்களின் விளம்பரம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் உளவியலருக்கு உரிமத் தேர்வு என்று தனியாக ஒன்று இருக்கிறது. 1965இலிருந்து நடக்கிறது. முனைவர் பட்டம் வாங்கி, மேற்பார்வையின் கீழ் வேலையும் பார்த்தவர்கள் எழுதுவது. 225 கேள்விகள், அதில் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்வது 175; நாலேகால் மணி நேரம்; 200இலிருந்து 800 வரை போகும் அளவுகோலில் 500 வாங்கினால் தனியாகத் தொழில் செய்யலாம். உயிரியல் அடிப்படையிலிருந்து சட்டம், அறம் வரை எட்டுப் பகுதிகள். கட்டணம் மட்டும் 600 டாலர்.

நம் ஊரில் இப்படிக் கடைசியில் ஒரு தேர்வு கிடையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் மருத்துவ உளவியலரை, அதாவது போர்டில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று எழுதிக்கொள்கிறவரை, ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது அதன் 13ஆம் பிரிவு. பதிவு பெற எம்.ஏ.வோ எம்.எஸ்ஸியோ போதவில்லை. அதற்கு மேல் கவுன்சில் ஒப்புதல் தந்த நிறுவனத்தில் முழுநேரமாக இரண்டு ஆண்டு எம்.ஃபில். படிக்க வேண்டியிருந்தது. 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மருத்துவ உளவியலர் யார் என்று இதையே வரையறை செய்தது. இந்தப் படிப்பின் பூர்வீகம் பெங்களூர். இன்றைய நிம்ஹான்ஸின் முன்னோடியான அகில இந்திய மனநல நிறுவனத்தில் 1955இல் ஒரு பட்டயப் படிப்பாக ஆரம்பித்தது.

எம்.ஃபில். உள்ளே தேர்வு உண்டு. முதல் ஆண்டில் மூன்று தாள், இரண்டாம் ஆண்டில் மூன்று தாள், செய்முறை, வாய்மொழித் தேர்வு, ஆய்வேடு; ஒவ்வொன்றிலும் பாதி மதிப்பெண். ஆனால் அதில் தேறுவது பெரிய சங்கதியில்லை. உள்ளே போனவர்கள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். கஷ்டம் உள்ளே போவதுதான். ஒரு நிறுவனம் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பது அங்கே இருக்கும் மேற்பார்வையாளர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இடங்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவு. அரசு நிறுவனங்களில் நூற்றுக்கணக்கானோர் எழுதும் நுழைவுத் தேர்வு. தனியாரிடம் போனால் கட்டணம் லட்சங்களில். வடிகட்டி வாசலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க மாணவி படித்து முடித்து வெளியே வரும்போது கேட்கப்படும் கேள்வி நம் மாணவியிடம் படிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்கப்படுகிறது. நோயாளியின் எதிரே ஒரு நாள்கூட உட்கார்ந்திராத ஒருத்தியிடம், நீ நோயாளியின் எதிரே உட்காரத் தகுதியானவளா என்று கொள்குறி வினாவில் கேட்கிறார்கள்.

தமிழில் தேர்வு என்ற சொல்லே இதைக் காட்டிக்கொடுக்கிறது. தேர்தல், தேர்வு, தேர்ச்சி எல்லாம் ஒரே வேர். தேர்ந்தெடுப்பது ஒன்று, தேர்ந்தவராவது, அதாவது ஒரு வேலையில் கை பழகுவது, வேறொன்று. நாம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறோம். குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, ஐம்பத்தொன்றாவது. அரசன் ஒருவனை வேலைக்கு எடுக்குமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கு வழியில் சோதிக்கச் சொல்கிறது அதன் முதல் குறள். அது ஒற்றர் உலகத்துச் சோதனை, நமக்கு வேண்டாம். ஆனால் அங்கே சோதிக்கப்படுவது நம்பகம். ஞாபகசக்தி இல்லை.

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டது. மருத்துவ உளவியலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கையை நீட்டித்தார்கள். மறுவாழ்வுக் கவுன்சில் அதன் இடத்தில் புதுப் பட்டப் படிப்புகளைக் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம், 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் நலப்பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ உளவியலர் தவிர்த்த மற்ற உளவியலர்களையும் ஆலோசகர்களையும் தன் பட்டியலுக்குள் எடுத்துக்கொண்டது. அந்த ஆணையத்தின் கடமைகளில் இரண்டை நண்பர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். ஒன்று, பொதுவான நுழைவுத் தேர்வு. மற்றது, பொதுவான வெளியேறும் தேர்வு அல்லது உரிமத் தேர்வு. அதாவது, வாசலில் இருக்கும் வடிகட்டியோடு கொல்லைப்புறத்திலும் ஒன்று வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எனவே அமெரிக்க அனுபவம் நமக்கு வெறும் வெளியூர்ச் சமாச்சாரம் இல்லை.

அங்கே என்ன நடந்திருக்கிறது? தேர்வை நடத்தும் சங்கமே கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது. கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். படிப்பு முடிந்த கையோடு எழுதுகிறவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். தள்ளிப்போடப் போட விழுகிறார்கள். ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்று கேளுங்கள். கடன், குழந்தை, சம்பளம் வரும் ஏதோ ஒரு வேலை. நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்த பிரையன் ஷார்ப்லெஸ் என்ற ஆய்வாளர், கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் வெள்ளையரைவிடக் கூடுதலான விகிதத்தில் தோற்கிறார்கள் என்று காட்டினார். இதில் தேறினவர் நல்ல சிகிச்சையாளராக இருக்கிறாரா என்பதற்குப் போதுமான சான்று எங்கே என்ற விவாதமும் அங்கே ஓயவில்லை. அறிவை மட்டும் சோதிக்கிறது, திறனைச் சோதிப்பதில்லை என்ற குறைக்குப் பதிலாக 2020இல் திறன் தேர்வு என்று இரண்டாம் பகுதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2026இலிருந்து அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கும் திட்டம் எதிர்ப்பினால் 2024இல் நிறுத்தி வைக்கப்பட்டது.

புதுச்சேரிக்காரனுக்கு இன்னொரு திசையிலும் பார்க்க வசதி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சொல்தா வீடு என்றால் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர் வீடு. அந்த வீட்டுப் பெண் பாரீசுக்குப் போய் உளவியல் படித்தால் அவளுக்கு உரிமத் தேர்வே இல்லை. 1985 ஜூலை 25ஆம் தேதிச் சட்டம் உளவியலர் என்ற பெயரைப் பாதுகாக்கிறது; ஐந்து ஆண்டு படித்து மேல்பட்டம் வாங்கி, களப்பயிற்சியும் முடித்தவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான். உடனே பிரான்சைத் தூக்கி வைத்து ஆட வேண்டாம். அங்கேயும் மேல்பட்ட வகுப்பில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் சொல்ல வருவது, உரிமத் தேர்வு என்பது இயற்கையாக முளைத்த ஒன்றல்ல என்பதுதான். ஒரு நாடு அதைக் கடைசியில் வைக்கிறது, ஒரு நாடு நடுவில் வைக்கிறது, நாம் வாசலில் வைத்தோம். எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து யார் வெளியே நிற்பார்கள் என்பது மாறுகிறது.

உரிமமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அப்படிப் பேசுகிற நண்பர்கள் உண்டு. எல்லா உரிமமும் அதிகாரம் என்பார்கள். அவர்களுக்கு ஏர்வாடியைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியலில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் வெந்தார்கள். இறந்தவர்கள் 28 பேர். யார் வேண்டுமானாலும் மனநல இல்லம் நடத்தலாம் என்றிருந்ததன் விலை அது. அதே நேரத்தில் இன்னொன்றும் எங்கள் கண்ணெதிரே நடந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கடலோரத்தில், உரிமம் இல்லாத சாதாரண ஆட்களுக்கு, ஊர்ப் பெண்களுக்கு, ஆசிரியர்களுக்கு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் சில நாள் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்க் கேட்கச் சொன்னார்கள். கேட்டார்கள். தவளக்குப்பத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நல்லவாடு, பூரணாங்குப்பம். அந்தக் குப்பங்களில் "அலைச் சத்தம் கேட்டா ஒடம்பு தூக்கிப் போடுது" என்று சொன்னவர்களுக்கு எதிரே உட்கார்ந்தது பதிவேட்டு எண் உள்ளவர்கள் மட்டும் இல்லை. உரிமம் வேண்டும் என்பதும் உண்மை; உரிமம் பெற்றவர்கள் போதவில்லை என்பதும் உண்மை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனக்கோளாறுகளில் சிகிச்சை எட்டாதவர்களின் விகிதம் நோய்க்குத் தக்கபடி 70இலிருந்து 92 சதம் வரை என்றது.

சரி, எது உதவும்? என் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பெண் எம்.எஸ்ஸி. உளவியல் முடித்துவிட்டு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இடையில் ஒரு பள்ளியில் கவுன்சிலர் வேலை. "கவுன்சிலர்னா வார்டு கவுன்சிலரா?" என்று அவள் பாட்டி கேட்டது தெருவில் பிரசித்தம். தமிழ் படித்தவன் என்பதால் அவ்வப்போது என்னிடம் வருவாள். ஒரு நாள் கேட்டாள்: "அண்ணா, டெல்யூஷனுக்குத் தமிழ்ல என்ன?" பிறழ்நம்பிக்கை என்று கலைச்சொல் சொன்னேன். "அது புக்ல இருக்கு. எங்க அத்தை, மாமாவுக்கு யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு சொல்றாங்களே, அது டெல்யூஷனா?" என்றாள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பாடநூல் வரையறை என்ன? பொய்யானதும், எந்தச் சான்று காட்டினாலும் அசையாததும், அந்த ஆளின் பண்பாட்டுப் பின்னணியோடு பொருந்தாததுமான நம்பிக்கை. கடைசித் தொடரைக் கவனியுங்கள். செய்வினை என்பது இந்தப் பக்கத்தில் பொருந்தாத நம்பிக்கையா? இல்லை. தெருவில் பாதிப் பேருக்கு உண்டு. அப்படியானால் அத்தை சொன்னது நோய்க்குறி இல்லை. ஆனால் அதே அத்தை, செய்வினை வைத்தவன் என் பல்லுக்குள் கம்பி வைத்து நான் நினைப்பதையெல்லாம் கேட்கிறான் என்று சொன்னால்? தெருவே திரும்பிப் பார்க்கும். 'இது வேற' என்று பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரிந்துவிடும். கோடு எங்கே விழுகிறது என்று அந்தப் பெண்ணுக்குப் புத்தகம் திறக்காமலே தெரிகிறது. அவளுக்குத் தெரியாதது அந்தத் தெரிதலுக்குத் தேர்வுத் தாளில் என்ன பெயர் என்பதுதான்.

"சாமி வந்து பேசுது", "காதுல கொரல் கேக்குது" இரண்டும் ஒன்றா? "நெஞ்சு படபடங்குது", "மனசு கனமா இருக்கு", "ஒரு மாதிரியா இருக்கு", "எதுலயும் ஒட்டல". இதில் எது பதற்றம், எது சோர்வு, எது உடல்நோய், எது மாமியாரைப் பற்றிய புகார்? ஒவ்வொன்றையும் கேட்டு, மேலும் கேட்டு, பிறகுதான் ஆங்கிலக் கட்டத்துக்குள் போட முடியும். அந்தப் போடுதலைக் கற்றுக்கொள்ளும் இடம்தான் மேற்பார்வை. மாணவி நோயாளி வரலாற்றை எழுதிக்கொண்டு போகிறாள், மேற்பார்வையாளர் "சோர்வுன்னு எழுதியிருக்கியே, அவர் வாயால என்ன சொன்னார்?" என்று கேட்கிறார், அவள் திணறுகிறாள், மறுநாள் போய்த் திரும்பக் கேட்கிறாள். எம்.ஃபில். பாடத்திட்டம் இத்தனை வரலாறு, இத்தனை பரிசோதனை அறிக்கை என்று எண்ணிக்கை வைத்ததன் நியாயம் இது. மேலே சொன்ன 61 சதத்தின் ரகசியமும் இதுவேதான்: புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுப்பது. ஒரு நோயாளி எதிரே உட்காரும்போது புத்தகம் தானாகவே மூடிக்கொள்கிறது. முகம் பார்த்துப் படித்த நோய்க்குறி மறப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. நோயாளிக்கு அருவமாகச் சிந்திக்க வருகிறதா என்று பார்க்கப் பழமொழிக்கு விளக்கம் கேட்பது வழக்கம். ஆங்கிலப் புத்தகத்தில் கண்ணாடி வீட்டுக்காரன் கல்லெறியக் கூடாது என்று இருக்கும். அதைத் தமிழாக்கி மீனவக் கிழவரிடம் கேட்டால், "கண்ணாடி வீடு எவன் கட்டுவான்?" என்பார். நோய்க்குறி என்று எழுதிவிடலாமா? 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று கேட்டுப் பாருங்கள். அவர் உங்களுக்குப் பாடம் எடுப்பார். எந்தப் பழமொழியை யாரிடம் கேட்பது என்று அறிந்திருப்பது ஒரு தொழில்திறன். இதைக் கொள்குறி வினாவாக்க முடியாது; வாய்மொழித் தேர்வில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். நுண்ணறிவுச் சோதனையிலும் இதே கதை. நம் பக்கத்தில் புழங்கும் பினே-காமத் சோதனை, காமத் 1930களில் தார்வாரில் கன்னட, மராத்திக் குழந்தைகளை வைத்து உருவாக்கியது. ஊனச் சான்றிதழும் உதவித் தொகையும் இப்படிப்பட்ட சோதனைகளின் எண்ணைப் பார்த்துக் கிடைக்கின்றன. அந்தச் சோதனையைத் தமிழ்க் குழந்தைக்கு எந்தச் சொல்லால் கேட்டாய் என்பது தேர்வுத் தாளில் வருமா?

மிஷல் ஃபூக்கோ 1975இல் வந்த தண்டனை பற்றிய நூலில் தேர்வைப் பற்றி எழுதியது நம் சிறுபத்திரிகைகளில் நிறையவே அடிபட்ட விஷயம். தேர்வு ஒவ்வொரு ஆளையும் பார்வைக்குக் கொண்டுவருகிறது, காகிதத்தில் பதிகிறது, ஒரு 'கேஸ்' ஆக்குகிறது என்பார். நோயாளியைக் கேஸாக எழுதப் போகிற பெண் முதலில் தானே கேஸாகிறாள்: பதிவெண், தரவரிசை, கட்-ஆஃப். அதிகம் பேசப்படாத தகவல் ஒன்று. ஃபூக்கோவே உளவியல் பட்டம் பெற்றவர். 1949இல் உளவியலில் பட்டம், 1952இல் உளநோயியலில் பட்டயம். இடையில் 1950இல் ஆசிரியத் தகுதிக்கான அக்ரகாசியோன் தேர்வில் தோற்றார். 1951இல் திரும்ப எழுதித் தேறினார். அந்த வாய்மொழித் தேர்வில் அவருக்குச் சீட்டில் விழுந்த தலைப்பு 'பாலுமை'. பின்னாளில் அதைப் பற்றி அவர் தொகுதி தொகுதியாக எழுதியது நமக்குத் தெரியும். தேர்வு கேட்கும் கேள்வி சில நேரம் நல்ல கேள்வியாகவும் இருந்துவிடுகிறது. தேர்வே கூடாது என்ற நிலைப்பாட்டோடு எனக்கு ஒட்டாமல் போவது இதனால்தான்.

எனவே வரப்போகிற உரிமத் தேர்வு பற்றிப் பேசுகிறவர்கள் மூன்று விஷயங்களை இப்போதே கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். கேள்வி எந்த மொழியில்? நோயாளி தமிழில் அழுகிற ஊரில் வாய்மொழித் தேர்வாவது தமிழில் வேண்டும். எழுதுமுன் நோயாளியின் எதிரே உட்கார்ந்த நேரம் எவ்வளவு, அதற்கு மேற்பார்வையாளர் யார், அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா? சம்பளமில்லாப் பயிற்சி என்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கான இடஒதுக்கீடு. தோற்றவர்களின் கணக்கைச் சாதி, பாலினம், படித்த ஊர் வாரியாக வெளியிடுவார்களா? அமெரிக்காவில் அந்தக் கணக்கு வெளியே வந்த பிறகுதான் விவாதம் சூடுபிடித்தது.

அந்தப் பெண்ணும் இன்னும் இரண்டு தோழிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் படிக்கிறார்கள். நோட்ஸை மூடி வைத்துவிட்டு ஒருத்தி நோயாளியாக உட்கார, இன்னொருத்தி கேட்க, மூன்றாமவள் குறிப்பெடுக்கிறாள். முதலில் தமிழில், பிறகு அதையே தேர்வு ஆங்கிலத்தில். போன வாரம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். படபடப்பு, பதைபதைப்பு, பதற்றம் மூன்றும் ஒன்றா வேறா என்று சண்டை. ஒருத்தி மூன்றும் ஒன்றுதான் என்கிறாள். அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. படபடப்பு நெஞ்சில் இருக்கிறது, பதைபதைப்பு பிள்ளை வீடு திரும்பாதபோது வருவது, பதற்றம் புத்தகத்தில் இருப்பது என்கிறாள். அகராதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். சண்டை இன்னும் தீரவில்லை.